9. பதினாலில் நின்ற பென்சில்

பென்சில் எழுத்து பிடிபட்டுவிட்டது.

என்னோடு பயிற்சியில் இருக்கும் 'கான்வென்ட்' நேற்று என் மேஜையிலிருந்து உருவிய தாள் இப்போது எடிட்டர் மேடத்தின் இழுப்பறையில் இருக்கிறது. அதில் என் பேனாவில் பன்னிரண்டு வார்த்தைகள். அவற்றுக்குக் கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில், இன்னும் நான்கு.

அந்த நான்கை எழுதியது யார் என்று ஆபீஸ் மாடியில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். தரை துடைக்கிற ஆயம்மா.

என் அம்மா.

வேலைக்குச் சேர்ந்த அன்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. உறவினர் யாராவது இங்கே வேலை செய்கிறார்களா? ஆமாம் என்றால் கதவு அந்தப் பக்கம். துடைப்பவரிலிருந்து எடிட்டர்வரை எல்லோருக்கும் அதே விதி. நான் 'இல்லை' என்று எழுதினேன். விதிக்குப் பயந்து எழுதினேன் என்று ஆறு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். பாதிப் பொய். அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் அன்று அதையேதான் எழுதியிருப்பேன்.

எங்கள் கம்பெனி குழந்தைகளுக்கு ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் போடுகிறது. பக்கத்துக்கு ஏழு எழுத்து. நடுவில் வட்டத்துக்குள் ஒன்று, சுற்றி ஆறு. நடு எழுத்து கட்டாயம் வர வேண்டும். எந்த எழுத்தையும் இரண்டாம் தடவை எடுக்கக் கூடாது. நாலு எழுத்துக்குக் குறையவும் கூடாது. இதில் எத்தனை வார்த்தை தேறும் என்று தேடி, கடைசிப் பக்கத்தில் விடையாகப் போடுவது என் வேலை.

கம்ப்யூட்டரில் தட்டினால் நொடியில் வந்துவிடும். ஆனால் எந்தப் பிள்ளையும் வாழ்நாளில் கேட்டிராத வார்த்தைகளையும் சேர்த்துக் கொட்டும். அதனால் முதலில் கையால் தேடு, பிறகு குழந்தைகள் அகராதியில் சரிபார். இது மேடத்தின் கட்டளை. ஒரு வார்த்தை விட்டுப்போனாலும், "என் மகள் கண்டுபிடித்தது உங்கள் விடையில் இல்லையே" என்று அப்பாக்கள் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவார்கள்.

ஆறு மாதத்தில் என் பக்கங்களுக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. மேடம் என்னைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நானும் நின்றேன். வெட்கமே இல்லாமல் நின்றேன்.

சாயங்காலம் நான் கிளம்பிய பிறகு அம்மா மேஜை துடைக்க வருவாள். விட்டுப்போனதைப் பென்சிலில் எழுதிவைப்பாள். காலையில் நான் வந்து அதைப் பேனாவில் எழுதிக்கொண்டு, பென்சிலை அழித்துவிடுவேன். நேற்றுக் காலை மேடம் கூப்பிட்டார் என்று ஓடினேன். திரும்பி வருவதற்குள் தாள் காணாமல் போயிருந்தது.

இன்று மூன்று மணிக்குப் பரீட்சை. ஃபோன் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. பயிற்சிக்கு எடுத்த எங்கள் இரண்டு பேரில் ஒருத்திதான் நிரந்தரம்.

*

"ஏம்மா எழுதினே?"

காலை ஏழு மணி. அம்மா என் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக உட்காரவில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டு.

"குறையா இருந்துச்சு, எழுதினேன்."

"குறையா இருந்தா உனக்கென்ன? எழுதாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

"சொன்னே. சொல்லிட்டு மறுநாள் அதைப் பார்த்து எழுதிக்கிட்டே."

அது உண்மை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

"நான் டிகிரி முடிச்சவ. எனக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரியுது? அதுக்கு அர்த்தமாவது தெரியுமா உனக்கு?"

"அர்த்தம் எதுக்கு? எழுத்து சரியா இருந்தா போதாதா?"

மூலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். அம்மாவின் தம்பி. அதே கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி. கட்டடத்து ஆள் என்பதால் கம்பெனி விதியிலிருந்து தப்பித்தவர்.

"மருமகளே, காலங்காத்தால அக்காகிட்ட மல்லுக்கு நிக்காதே. ஆறு மாசமா நானும் உங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா சல்யூட் வெக்கிறேன். ஒரே வீட்டுல சாப்பிட்டு வந்தவங்களுக்கு ரெண்டு சல்யூட் வெச்சவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

"சும்மா இருங்க மாமா."

"நான் சும்மாதான் இருக்கேன். கைதான் வலிக்குது."

அம்மா சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை என் பையில் வைத்தாள்.

"இன்னிக்கு என்ன நடந்தாலும் நீ வாயைத் திறக்காதே. நான் யாரோ, நீ யாரோ. புரியுதா?"

"புரியுது."

"உனக்கு எதுவும் புரியாது. வாயை மட்டும் மூடிக்கோ."

எப்படித் தெரியுது என்று நான் கேட்டது வெறும் திமிர். எனக்குத் தெரியாதா என்ன?

அம்மா படித்தது மூன்றாவது வரைக்கும். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்தும் தெரியும். சேர்த்துப் படிக்கத் தெரியாது. நான் ஆறாவது போனபோது ஆங்கிலத்தில் தினம் இருபது வார்த்தை மனப்பாடம். ஒப்பிக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. அம்மா அகராதியை மடியில் வைத்துக்கொள்வாள். நான் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவள் விரல் நகரும். சரியாகச் சொன்னால் அடுத்ததற்குப் போய்விடுவாள். தப்பாகச் சொன்னால் விரல் நின்றுவிடும். "தப்பு. இங்க எச் இருக்கு. முதல்லேர்ந்து சொல்லு." பத்துத் தடவை. சில வார்த்தைக்கு இருபது தடவை.

ஆறு வருஷம் இப்படி. நான் சரியாகச் சொன்ன வார்த்தைகள் அம்மாவிடம் தங்கவில்லை. தப்பாகச் சொன்னவை மட்டும் தங்கிவிட்டன. சத்தமில்லாமல், அர்த்தமில்லாமல், வெறும் எழுத்து வரிசையாக.

அம்மாவின் தலைக்குள் இருக்கும் அகராதி என் தப்புகளால் ஆனது. பென்சிலில் அவள் எழுதுவதெல்லாம் நான் கோட்டைவிட்டவை. இன்றுவரைக்கும் அவற்றைத்தான் நான் கோட்டைவிடுகிறேன்.

*

கூட்ட அறையில் ஏசி அளவுக்கு மீறி ஓடியது. மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கான்வென்ட். அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். அவள் அப்பா, அம்மா இரண்டு பேருமே ஆங்கில வாத்தியார்கள். தூக்கத்தில் உளறினாலும் இலக்கணம் தப்பாது.

"கோபமா?" என்றாள்.

"தாளை எடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பியா?"

மேடம் உள்ளே வந்தார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அதுதான் பயமே. வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே சி என்று எழுதினார். சுற்றி கே, ஐ, டி, எச், இ, என்.

"இருபது நிமிஷம்" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். "விடைகள் இந்தக் கவருக்குள்ளே இருக்கு. பத்தொன்பது."

முதல் ஐந்து நிமிடத்தில் எட்டு எழுதினேன். சின், இன்ச், நைஸ், நெக், நிக், டிக், டெக், சென்ட். குனிந்த தலையை நிமிர்த்தாமல் எழுதினேன். ஏழும் சேர்ந்த வார்த்தை ஒன்றாவது இருக்கும், எப்போதும் இருக்கும். எழுத்துகளை மனசுக்குள் கலைத்துக் கலைத்துப் போட்டேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் கிச்சன் கிடைத்தது. உடம்பெல்லாம் சுட்டது. அடுத்து திக். இடையிடையே சின்னதாக இன்னும் ஐந்து. அதற்குப் பிறகு ஒரு சுவர்.

அந்தச் சுவரை எனக்குத் தெரியும். தினமும் முட்டிக்கொள்கிற சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது, என்னால் எட்ட முடியவில்லை.

"பேனாவை வைங்க."

மேடம் எண்ணிப் பலகையில் எழுதினார். எனக்குப் பதினைந்து. கான்வென்ட்டுக்குப் பதின்மூன்று.

பதினைந்து! யார் பென்சிலும் இல்லாமல், என் தலையிலிருந்து வந்த பதினைந்து. கான்வென்ட் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

கதவு திறந்தது.

மாடி சூப்பர்வைசர். ஒரு கையில் பழைய தாள்கட்டு. மறு கை பின்னால் யாரையோ "உள்ள வா" என்று அழைத்தது. நீல மேலங்கியும் ஈரக் கையுமாக அம்மா வந்து நின்றாள்.

"கையும் களவுமா பிடிச்சேன் மேடம். இந்த ஆயம்மாதான் கிறுக்கியிருக்கு. பாக்கெட்ல பென்சில் இருக்கு பாருங்க. பழைய கட்டைத் தேடி எடுத்தேன். அழிச்ச தடம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கு."

மேடம் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா எழுதினீங்க?"

"ஆமாங்க."

"ஏன்?"

"மேஜை துடைக்கும்போது பார்ப்பேன். விட்டுப்போயிருக்கும். எழுதிடுவேன். தப்புன்னா மன்னிச்சுக்கங்க."

"இந்தப் பொண்ணுக்காகவா?" மேடத்தின் பேனா என்னைக் காட்டியது. "இவளைத் தெரியுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். வழியில் கிடக்கிற நாற்காலியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"பார்த்திருக்கேன். டீயைக் கொட்டிட்டுத் துடைக்காம போற பொண்ணு."

சூப்பர்வைசர் சிரித்தார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மேடம் ஒரு புதுத் தாளை அம்மா பக்கம் தள்ளினார். "பலகையில இருக்கிற எழுத்தைப் பாருங்க. எழுதுங்க."

"இப்பவா?"

"இப்பவே. உட்காருங்க."

அம்மா உட்காரவில்லை. ஏழு எழுத்தையும் தாளின் தலையில் பெரிதாக எழுதிக்கொண்டாள். பிறகு இடது கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மறைத்தாள், எடுத்தாள், மறைத்தாள். சியும் எச்சும் ஜோடி. சியும் கேயும் ஜோடி, ஆனால் அது முன்னால் வராது, கடைசியில்தான் வரும். இதெல்லாம் அம்மா கண்டுபிடித்த சட்டங்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பென்சில் நிற்கவே இல்லை.

நாலு. ஏழு. பத்து. மேடம் எழுந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பதினொன்று.

"இதைப் படிங்க" என்றார் மேடம்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இ, டி, எச், என், ஐ, சி."

எத்னிக். எனக்குக் கிடைக்காதது. ஏழாம் வகுப்பில் எச் என்ற எழுத்தை விழுங்கிவிட்டுச் சொல்லி, இருபது தடவை ஒப்பித்தது. அதற்கு மேலே எத்திக். அதற்கும் மேலே என், ஐ, சி, எச், இ என்று நீஷ். அத்தனையும் என் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவை.

பன்னிரண்டு. பதின்மூன்று.

அம்மா நிமிர்ந்து வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். எழுத்துகளை இல்லை. ஓரத்தில் இருந்த எண்ணை. என் பதினைந்தை.

பதினான்காவதாக திக் என்று ஐந்து எழுத்து எழுதினாள். கட்டைவிரல் மிச்சமிருந்த இரண்டின்மேல் போய் நின்றது. இ, என். அங்கேயே நின்றது.

பென்சிலை வைத்துவிட்டாள்.

"அவ்வளவுதாங்க. வேற தெரியலை."

பொய்! அந்த விரல் நின்ற இடத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. திக்கன். கெட்டியாகிறது என்று அர்த்தம். எட்டாம் வகுப்பில் மூன்று நாள் என்னைப் படுத்திய வார்த்தை, நடுவில் வரும் சியை நான் விட்டுவிட்டே சொல்வேன். அம்மா மறக்கவே வழியில்லை.

தெரிந்தே நிறுத்துகிறாள். பதினாலில் நின்றால், அவள் என்னைவிடக் குறைவு. ஏதோ நாலு வார்த்தை கிறுக்கிய ஆயம்மா. நான் என் சொந்தத் தலையில் ஜெயித்தவள். வாயை மட்டும் மூடிக்கொண்டால் போதும், வேலை எனக்கு.

"பார்த்தீங்களா மேடம்" என்றார் சூப்பர்வைசர். "நம்ம பொண்ணு பதினஞ்சு. இது என்னத்தை உதவி செஞ்சிருக்கும்? அரைகுறையா நாலு எழுத்து தெரிஞ்சவங்க கையில பென்சில் கிடைச்சா இப்படித்தான். ஆயம்மா, நாளையிலேர்ந்து வர வேணாம். பக்கெட்டைக் கீழே கொடுத்துட்டுப் போ."

"சரிங்க" என்றாள் அம்மா.

எப்படிச் சொன்னாள் தெரியுமா? கடைக்காரர் மிச்சச் சில்லறை இல்லை என்றால் 'சரிங்க' என்போமே, அப்படி.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்."

"எதுல?"

"அவங்க தாள்ல. திக்குக்குப் பின்னாடி மிச்ச ரெண்டு எழுத்தையும் போட்டா திக்கன். அது அவங்களுக்குத் தெரியும். வேணும்னே எழுதலை."

அம்மாவின் கண் என்னைக் கொன்றது. "எனக்குத் தெரியாதுங்க."

"தெரியும். எனக்குத்தான் தெரியாது. இப்ப அவங்க விரலைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். ஆறு மாசமா என் பக்கத்துல ஒரு வார்த்தை விட்டுப்போகலைன்னு கைதட்டினீங்களே, அந்தக் கைதட்டல் எல்லாம் இவங்களோடது. நான் பேனாவால திருடினேன்." குரல் உடையப் பார்த்தது. உடைய விடவில்லை. "இவங்க என்னைப் பெத்த தாய். படிவத்துல இல்லைன்னு எழுதினது நான்."

"பொய் சொல்றா மேடம்" என்றாள் அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"எனக்கு வேலை போகுதேன்னு இரக்கப்படுது, பாவம். நல்ல மனசு. எனக்குப் பிள்ளையே கிடையாதுங்க."

"அம்மா!"

"எல்லாரையும் அம்மான்னு கூப்பிடுற பொண்ணு போலருக்கு."

மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை வாய் திறக்காத கான்வென்ட் மெதுவாகச் சொன்னாள்:

"ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு மேடம். கோபம் வந்தா ஒரே மாதிரி விடைக்குது."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

மேடம் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். கொக்கி இரண்டு தடவை வழுக்கியது. பிறகு அம்மாவின் தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். என் தாள் மேஜையிலேயே கிடந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணி, என் அறை. ரெண்டு பேரும் வரணும்" என்றார். "விதிப்படி ஒருத்தர்தான் இங்க இருக்க முடியும். யாருன்னு நான் இன்னும் முடிவு பண்ணலை." வாசல்வரை போனவர், சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "அதுவரைக்கும் அவங்களை யாரும் வேலையை விட்டு நிறுத்தலை. நாற்காலி போட்டு உட்கார வைங்க."

*

அம்மா லிஃப்டில் வரவில்லை. ஐந்து மாடியும் படியில் இறங்கினாள். நான் பின்னாலேயே இறங்கினேன். திரும்பிப் பார்ப்பாள் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நினைத்தேன். பார்க்கவில்லை.

வாசலில் மாமா எழுந்து நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்துக் கை பாதியில் நின்றது.

"என்னக்கா ஆச்சு? எந்தக் கணக்குல சல்யூட் வெக்கட்டும்?"

"சொல்லிட்டா" என்றாள் அம்மா.

"யாரு, இவளா? எதை?"

"எல்லாத்தையும்."

மாமா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு நொடி சந்தோஷம் மாதிரி ஏதோ வந்தது. அம்மா இருக்கிறாள் என்று அதை உடனே மறைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?" சாலை என்றும் பார்க்காமல் கத்தினேன். "உண்மையைத்தானே சொன்னேன்? அந்த ஆள் உன்னை அரைகுறைன்னு சொல்றான், நான் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

அம்மா நின்றாள். அப்போதுதான் திரும்பினாள்.

"நிக்கணும். ஆறு மாசம் எதிர்ல எதிர்ல வந்து, உன்னை யாருன்னே தெரியாத மாதிரி நடந்தேன். என் வயித்துல பிறந்தவ என்னைத் தாண்டிப் போறப்ப குனிஞ்சு தரையைத் துடைச்சேன். அது எல்லாம் எதுக்குடி? அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம் உன்னால நடிக்க முடியலையா?"

என் தோளிலிருந்து பை வழிந்தது.

"உனக்குக் கோபம் வந்துச்சு, பேசிட்டே. மனசு லேசாயிடுச்சு. நல்லா இரு. என் ஆறு வருஷத்தை அந்த ரூம்ல கொட்டிட்டு வந்திருக்கே."

"அக்கா, விடு. நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் போய்ப் பேசினா..."

"ரெண்டு பேரும் இல்ல. நான் மட்டும் போறேன். இவளை வீட்டுல வெச்சுப் பூட்டு."

"இருபத்திமூணு வயசுப் பொண்ணை எப்படிக்கா பூட்டுறது? ஜன்னல் வழியா குதிச்சு வந்து எனக்கே முன்னாடி நிப்பா."

"நான் வருவேன்" என்றேன். "மேடம் என்னையும்தான் வரச் சொன்னாங்க. நீதான் அங்க இருக்கணும்னு நான் சொல்வேன். அந்த மேஜையில நீதான் உட்காரணும்."

அம்மா என் அருகில் வந்தாள். என் தோளிலிருந்து வழிந்திருந்த பையின் பட்டையைத் தூக்கிச் சரியாக மாட்டிவிட்டாள். பள்ளிக்கு அனுப்பும்போது செய்வதுபோலவே செய்தாள். குரல் மட்டும் வேறு யாருடையதோ.

"வா. தாராளமா வா. நீ அப்படிச் சொன்னா, உன்னை நான் பெறவே இல்லைன்னு அந்த மேடம் முன்னாடி சத்தியம் பண்ணுவேன். இன்னிக்குச் சொன்னது வாய் வார்த்தை. நாளைக்குக் கையெழுத்து போட்டுக் கொடுப்பேன்."

என் அம்மா சொன்னதைச் செய்யாமல் விட்டு நான் இதுவரை பார்த்ததில்லை.